நாலு போல்டும் ஒரு மஞ்சள் கோடும்

தினேஷ், இதை நான் உட்கார்ந்து எழுதவில்லை. சமையல் மேடைமேல் நோட்டை வைத்துக்கொண்டு நின்றபடியே எழுதுகிறேன். உட்கார்ந்தால் கால் ஆடுகிறது, கால் ஆடினால் உன் அப்பாவுக்குக் கோபம் வருகிறது. மணி பதினொன்றே கால். காலை ஏழு மணிக்கு நீ காரவள்ளியில் டீ குடிக்கும் போட்டோவை அனுப்பினாய். "இனிமே கொல்லிமலை ஏத்தம். மேல சிக்னல் இருக்காது. மத்தியானம் சாப்ட்டுட்டு மூணு மணிக்கு இறங்குவேன்" என்று கீழே எழுதியிருந்தாய். அதோடு உன் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே போய்விட்டது. போனில் அந்தப் பெண் அதைத் தமிழிலும் சொல்கிறாள், ஆங்கிலத்திலும் சொல்கிறாள். காலையிலிருந்து இருபத்திரண்டு தடவை கேட்டுவிட்டேன்.

விஷயம் இதுதான். நீ கிளம்பிய அன்று காலையில், நீ குளிக்கப் போன நேரம் பார்த்து, உன் சைக்கிளின் போல்டுகளை எல்லாம் நான் இன்னொரு தடவை முறுக்கினேன். சீட்டு, கேரியர், மட்கார்டு, எதையும் விடவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டிருக்கும் கிளாம்பில் நாலு சின்ன போல்ட் இருக்கிறதே, அதையும் விடவில்லை. முறுக்கிவிட்டு வழக்கம்போல மஞ்சள் பெயின்டில் கோடும் போட்டேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று இன்று காலையில்தான் தெரிந்தது. எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது அந்த நாலில் ஒன்று உடைந்தால் என்ன ஆகும் என்பதை என் கை எழுத மாட்டேன் என்கிறது. "இறங்காதே. ஹேண்டில்பார் போல்ட் நாலையும் பார். அம்மா ரொம்ப முறுக்கிட்டேன்" என்று செய்தி அனுப்பியிருக்கிறேன். ஒற்றை டிக்கோடு நிற்கிறது. அது இரண்டாகும்வரை நான் சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். அதனால் எழுதுகிறேன். முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்புவேன்.

எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். நீ போய் நாலு நாளாகிறது, வீட்டில் எனக்குத் துடைக்கவும் மாட்டவும் எதுவும் இல்லை. மாடிப்படிக்கு அடியில் உன் பழைய சைக்கிள் தூசி பிடித்துக் கிடந்தது. காலையில் பால் காய்ச்சியதும் அதை வெளியே இழுத்துப் போட்டுத் துடைத்தேன். அதிலும் அதே மாதிரி கிளாம்ப். அலன் கீயை எடுத்து, உன்னுடையதை முறுக்கின அதே மாதிரி முறுக்கினேன். டக்கென்று ஒரு சத்தம். போல்டின் தலை தனியாக என் கையோடு வந்துவிட்டது. முப்பத்தோரு வருஷம் ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவளுக்கு அந்தச் சத்தம் என்னவென்று தெரியாதா? அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, திருநின்றவூரில் ரயில் ஏறி ஆவடிக்குப் போய், மார்க்கெட் பின்னாடி நீ போவாயே, அந்த மெக்கானிக் கடை திறக்கும்வரை வாசலிலேயே நின்றேன். அவர் போல்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னாக்கா இது, தலையே கயண்டுகினு வந்துகீது? எவன் முறுக்குனது?"

"நான்தான்."

"நீயா? இன்னாத்துக்குக்கா இந்த முறுக்கு முறுக்குன? இது இன்னா டாங்கியா? இது புடிக்கறது அலுமினியம்க்கா. பதமா புடிச்சா போதும், கய்த்த நெரிக்கக் கூடாது."

"இப்படி முறுக்கிட்டு ஓட்டினா என்ன ஆகும்?"

"ஓடும். நாலு நாளும் ஓடும், நாப்பது நாளும் ஓடும். பள்ளத்துல வுட்டு ஒரு குலுக்கு குலுக்குச்சுனு வையி, அப்பத்தான் புட்டுக்கும். யார்து வண்டி? தம்பிதா?"

ஆமாம் என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "போனப் போட்டு சொல்லிடுக்கா" என்றார். திரும்பி வரும்போது ரயிலில் சீட்டெல்லாம் காலி. கதவோரமாக நின்றுகொண்டே வந்தேன். பட்டாபிராமில் ஒரு தடவை, நேமிலிச்சேரியில் ஒரு தடவை உனக்குப் போன் அடித்தேன்.

என் கையைப் பற்றி உனக்குத் தெரியாதது இல்லை. ஐடிஐ முடித்துவிட்டு நான் சேர்ந்தபோது எங்கள் செக்ஷனில் மூன்றே பெண்கள். கனரக வண்டிக்குப் போல்ட் மாட்டுகிற வேலைக்குப் பொம்பளை எதற்கு என்று காது படவே பேசுவார்கள். அதனால் யாரும் என் போல்டைத் தொட்டுப் பார்த்து 'லூசு' என்று சொல்லிவிடக் கூடாது என்பது எனக்கு வெறியாகிவிட்டது. முறுக்கி முடித்ததும் போல்டின் தலையிலிருந்து அது உட்கார்ந்திருக்கும் இரும்புவரை மஞ்சள் பெயின்டில் ஒரே கோடாக இழுக்க வேண்டும். போல்ட் கொஞ்சம் அசைந்தாலும் கோடு இரண்டாக விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். இன்ஸ்பெக்டர் வந்து கோட்டைத்தான் பார்ப்பார். நான் போட்ட கோடு ஒன்றுகூட விலகியதில்லை. அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன். நம் ஆவடி குவார்ட்டர்ஸில் குக்கர் கைப்பிடியிலும் சீலிங் ஃபேனிலும் மஞ்சள் கோடு இருந்தது. உன் அப்பாவின் மூக்குக் கண்ணாடித் திருகை நான் முறுக்கி உடைத்ததை அவர் இன்னும் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிக்கிறார். நீ எங்கே சைக்கிளில் கிளம்பினாலும் முறுக்கிக் கோடு போட்டுத்தான் அனுப்புவேன். திரும்பி வந்ததும் முதல் வேலையாகக் கோட்டைப் பார்ப்பேன். ஒன்றும் விலகியிருக்காது. அன்றைக்கு எனக்கு நிம்மதியாகச் சோறு இறங்கும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் நீ ஹாலில் பேப்பர் விரித்துச் சாமானையெல்லாம் வரிசையாக வைத்திருந்தாய். அதில் அந்தக் குட்டி டார்க் ரெஞ்ச். எங்கள் செக்ஷனில் டார்க் ரெஞ்ச் என்றால் உன் உயரத்துக்கு இருக்கும், இருவர் சேர்ந்து இழுப்போம். இது பல் துலக்குகிற பிரஷ் அளவுதான் இருந்தது. எவ்வளவு முறுக்க வேண்டும் என்கிற எண்ணை நீ அதில் திருப்பி வைத்து, அந்த அளவு வந்து அது கிளிக் என்றதும் கையை எடுத்துவிட்டாய். நான் சும்மா இருந்திருக்கலாம். "பொம்மை ஸ்பானர் வெச்சு கன்னியாகுமரி போறானாம்" என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்தேன். நீ நிமிர்ந்து பார்க்காமலே, "என் கைய நான் நம்ப மாட்டேம்மா. அது உனக்கே தெரியும். இது சொன்னா நம்புவேன்" என்றாய். அப்பா சிரித்தார். நான் அடுப்பில் ஏதோ தீய்கிற மாதிரி உள்ளே ஓடிவிட்டேன். அடுப்பு அணைந்துதான் இருந்தது. அதைப் பற்றி இப்போது சொல்ல முடியவில்லை. கொஞ்சம் பொறு.

மணி பன்னிரண்டு நாற்பது. இன்னும் ஒற்றை டிக்தான். உன் அப்பா எங்கோ தேடி, மலைமேல் செம்மேட்டில் இருக்கும் ஒரு ஓட்டல் நம்பரைப் பிடித்துப் பேசினார். "சைக்கிள்ல நெறைய பேரு வர்றாங்க சார், யாருனு கேக்கறது?" என்றார்களாம். "மஞ்சள் சட்டை, கேரியர்ல ரெண்டு பை" என்று அடையாளம் சொன்னார். பார்த்தால் சொல்கிறோம் என்று வைத்துவிட்டார்கள். பிறகு என்னிடம், "நீ இப்படி நடந்துகிட்டே இருந்தா அவன் போன் எடுத்துடுவானா? வந்து உக்காரேன்" என்றார். நான் சண்டை போட்டேன். நாற்பது வருஷமாக உட்கார், உட்கார் என்று சொல்வதைத் தவிர இந்த மனுஷன் எனக்கு வேறு யோசனை சொன்னதில்லை. பாவம், அவரும் சாப்பிடவில்லை.

சொல்ல வந்ததையாவது ஒழுங்காகச் சொல்கிறேன். சாயங்காலம் போய்ச் சேர்ந்ததும், குளிப்பதற்கு முன், சாப்பிடுவதற்கு முன், சைக்கிளைப் பார். வயிறு நிறைந்துவிட்டால் எந்த மனுஷனும் குனிய மாட்டான். பழைய பனியன் துணியில் செயினைப் பிடித்துப் பெடலைப் பின்னால் சுற்று, கறுப்பு வருவது நிற்கும்வரை துடை. பிறகு கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய், அதற்கு மேல் வேண்டாம். மிச்சத்தை வழித்துவிடு, இல்லாவிட்டால் ரோட்டு மண்ணெல்லாம் அதில்தான் ஒட்டும். டயரை மெதுவாகச் சுற்றிவிட்டுக் கண்ணாலே பார். கண்ணாடிச் சில்லு ஒரு நாளில் டியூபைத் தொடாது, இரண்டு மூன்று நாள் உள்ளே நடந்துதான் போகும். கம்பிகளை இரண்டிரண்டாக விரலால் நெருக்கிப் பார், தொளதொளவென்று ஒன்று தனியாகத் தெரிந்தால் அங்கே நிறுத்து. பிரேக் கட்டையில் எவ்வளவு மிச்சம் என்று மலை இறங்குவதற்கு முன் பார், இறங்கின பிறகு பார்த்து என்ன புண்ணியம்? வழியில் புதுச் சத்தம் ஏதாவது கேட்டால் அன்றைக்கே இறங்கிப் பார். சத்தம் தானாக நின்றுவிட்டால் இன்னும் நன்றாகப் பார். இதெல்லாம் உனக்குத் தெரியும், நீ எனக்கே சொல்லிக்கொடுப்பாய். தெரிந்தும் சொல்கிறேன், சொல்லாவிட்டால் என் கை மறுபடியும் போனைத் தேடுகிறது.

ஒன்றரை ஆகிறது. இன்னும் ஒன்றரை மணி நேரம்தான் இருக்கிறது. வெள்ளானூர் நினைவு வந்துகொண்டே இருக்கிறது. உனக்கு அப்போது பதின்மூன்று வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, குவார்ட்டர்ஸ் பையன்கள் நாலைந்து பேர் வெள்ளானூர் ஏரிக்கரைக்கு சைக்கிளில் போனீர்கள். கரை இறக்கத்தில் உன் முன் சக்கரம் கழன்று தனியாக ஓடியது. நீ முகம் அடிபட விழுந்தாய். தாடையில் ஆறு தையல், பல்லில் ஒரு முனை போய்விட்டது. அந்த வாரம் நீ ஸ்பானரை எடுத்துக்கொண்டு சீட்டை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாய். அப்போது முன் சக்கரத்து நட்டையும் திருகிப் பார்த்துவிட்டு மறந்திருப்பாய் என்பதுதான் வீட்டில் எல்லோரும் அறிந்த கதை. நான்தான் அப்படிச் சொன்னேன். வாயில் ரத்தத்தோடு நீ, "நான் தொட்ட மாதிரி ஞாபகம் இல்லியேம்மா" என்றாய். நான் கத்தின கத்தலில், "தொட்டிருப்பேன் போலம்மா, சாரி" என்றாய். அன்றையிலிருந்து நீ எதையும் மூன்று தடவை பார்ப்பவனாக ஆகிவிட்டாய். பூட்டை இழுத்துப் பார்ப்பாய், கேஸை மூடினோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருவாய். போன வருஷம் உன் மாமா, கார் ஓட்டக் கற்றுக்கொள்ளேன் என்றபோது, "எனக்குக் கவனம் பத்தாது மாமா, நாலு பேரை ஏத்திட்டுப் போற வேலை வேணாம்" என்றாய். நான் பக்கத்தில் நின்று ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணி பதினேழு. டிக் இரண்டாயிற்று. நீலமும் ஆயிற்று. நான் நம்பரை அடிப்பதற்குள் உன் போன் வந்துவிட்டது. நாம் பேசினது உனக்குத் தெரியும். ஆனாலும் அதை எழுத வேண்டும் போலிருக்கிறது, நான் கேட்டது சரிதானா என்று எனக்கே பார்த்துக்கொள்ள.

"அம்மா, இன்னாச்சு? சாப்பிட வந்த எடத்துல இப்பத்தான் சிக்னல் வந்துச்சு, நாப்பது மிஸ்டு கால் கீது, பயந்துட்டேன்" என்றாய். உன் ஆவடி சிநேகிதர்களின் பேச்சு எப்போதும் பதற்றத்தில்தான் உன் வாயில் வரும்.

"இறங்கிடாதடா! அந்த நாலு போல்ட்ட பாத்தியா? மெசேஜ் பாத்தியா?"

"பாத்தேன். அதெல்லாம் அன்னிக்கே லூஸ் பண்ணிட்டேம்மா."

"என்னிக்கு?"

"கிளம்புன அன்னிக்கே. பூந்தமல்லி டீக்கடையில நிறுத்தி எல்லாத்தையும் கயட்டி, புதுசு போட்டு, அளவா டைட் பண்ணேன். எப்பவும் அதான் பண்ணுவேன். நீ முறுக்கி அனுப்புவ, நான் மொத டீக்கடையில லூஸ் பண்ணுவேன். காலேஜ் படிக்கறப்பலேர்ந்து."

எனக்குப் புரியவில்லை. "கோடு? கோடு ஒண்ணுகூட விலகுனதே இல்லியேடா? வந்ததும் பாப்பேனே?"

நீ சிரித்தாய். "மஞ்ச பெயின்ட் பேனா ஒண்ணு பையிலயே வெச்சிருக்கேன். உன் கோட்ட வழிச்சிட்டு அதே மாதிரி நான் போட்டுடுவேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ முறுக்கறத நிறுத்திடுவ. அப்பறம் நான் கிளம்பறப்ப நீ இன்னா பண்ணுவ, சும்மா நின்னுகினு அழுவ."

நான் உன்னைத் திட்டினேன். என்னென்ன திட்டினேன் என்று ஞாபகமில்லை. அப்பா போனைப் பிடுங்கி, "சாப்ட்டியாப்பா?" என்று கேட்டார். நீ வைத்த பிறகு நான் இன்று முதல் தடவையாகத் தரையில் உட்கார்ந்தேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அப்பா மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

இனி இந்தக் கடிதம் எதற்கு? கிழித்துப் போட்டிருக்கலாம். உனக்கு வர இருந்த ஆபத்து நாலு நாளைக்கு முன்பே பூந்தமல்லியில் தீர்ந்துவிட்டது. ஆனால் நீ அந்த மஞ்சள் பேனாவைச் சொன்னாயே, அதற்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பதினாறு வருஷமாக உன்னிடம் சொல்லாததைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த வெள்ளானூர் ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் முன் சக்கரத்தைக் கழற்றினது நான். பஞ்சர் ஒட்டினேன். சக்கரத்தைத் திருப்பி மாட்டி, இரண்டு நட்டையும் விரலால் சுற்றி வைத்தேன். அடுப்பில் குழம்பு பொங்கும் சத்தம் கேட்டு உள்ளே ஓடினேன். வந்து ஸ்பானர் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்தடுத்து வேலை, மறந்தே போனேன். நீ சைக்கிளை எடுத்துக்கொண்டு போனதுகூட எனக்குத் தெரியாது. மத்தியானம் யாரோ ஓடி வந்து சொன்னார்கள். அப்பா உன்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார், நானும் பின்னாலேயே ஓடினேன். உனக்கு மாற்றுச் சட்டை எடுக்க நான் வீட்டுக்கு வந்தேன். உன் சிநேகிதர்கள் சைக்கிளையும் சக்கரத்தையும் வாசலில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு நட்டு எங்கோ விழுந்திருந்தது. இன்னொன்று அச்சின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் கோடு இல்லை. முறுக்கி முடிக்காத நட்டில் நான் கோடு போட மாட்டேன், அது உன் அப்பாவுக்கும் தெரியும். பார்த்த நிமிஷத்திலேயே அவருக்குப் புரிந்துவிடும்.

நான் உள்ளே போய்ப் பெயின்ட் டப்பாவை எடுத்து வந்தேன். நட்டில் பாதிக் கோடு, சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க்கில் பாதிக் கோடு. நான் முறுக்கின நட்டை யாரோ பிற்பாடு திருகின மாதிரி. அது காய்கிறவரை நின்று ஊதினேன். அங்கே உனக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகுதான் உன் சட்டையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். சாயங்காலம் அப்பாவிடம் அந்தக் கோட்டைக் காட்டி, "நான் முறுக்கிதான் வெச்சிருந்தேன், இவன்தான் தொட்டிருக்கான்" என்றேன். அவர் நம்பினார். நீ அவரைவிட அதிகமாக நம்பினாய். என் வேலையில் குறை என்று ஒருத்தரும் சொன்னதில்லை என்கிற பெருமை எனக்கு உன்னைவிடப் பெரிதாகப் போய்விட்டது. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அதற்குப் பிறகுதான் நான் எதையும் உடைகிற அளவுக்கு முறுக்க ஆரம்பித்தேன். நீ உன் கையை நம்ப மாட்டேன் என்று அந்தக் குட்டி ரெஞ்சை வாங்கினாய். அதைப் பார்த்து நான் பொம்மை என்று சிரித்தேன்.

என் மனம் நோகக் கூடாதென்று நீ டீக்கடையில் உட்கார்ந்து பொய்க்கோடு போட்டிருக்கிறாய். என் தப்பு தெரியக் கூடாதென்று நான் போட்ட பொய்க்கோட்டோடு நீ வளர்ந்திருக்கிறாய். இதை அப்பாவிடம் அரை மணி நேரத்துக்கு முன் சொல்லிவிட்டேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஏரிப் பக்கம் நடக்கப் போயிருக்கிறார்.

இதை நீ மலைமேல் இருக்கும்போது அனுப்ப மாட்டேன். இறக்கத்தில் மனதில் வேறெதுவும் இருக்கக் கூடாது. மணி மூன்று. மூன்றரை. இப்போது எத்தனையாவது வளைவில் இருப்பாய்? நாலு.

நாலு பத்து. "கீழ வந்துட்டேம்மா, காரவள்ளி. கை மட்டும் வலிக்குது" என்று வந்துவிட்டது. இதோ அனுப்புகிறேன். உனக்குக் கோபம் வந்தால் வரட்டும், இரண்டு நாள் போன் பண்ணாவிட்டாலும் பரவாயில்லை, இருந்து பார்க்கிறேன். ஆனால் இன்று சாயங்காலம் சைக்கிளைப் பார்க்கும்போது ஒன்று செய். ரெஞ்சைப் பையிலேயே வைத்துவிட்டு, ஒரே ஒரு போல்டையாவது உன் கையால் மட்டும் முறுக்கிப் பார். பிறகு ரெஞ்சைப் போட்டுச் சரிபார். உன் கை சரியான இடத்தில்தான் நின்றிருக்கும், எனக்குத் தெரியும். முகம் கழுவும்போது தாடையில் அந்தத் தழும்பு விரலுக்குத் தட்டுப்படுமே, இனிமேல் அப்போது உன்னைத் திட்டிக்கொள்ளாதே. என்னைத் திட்டு.

அம்மா